கவனிக்கல மாமா

இங்கே உட்காரலாமா அண்ணா? எங்கள் ஆட்கள் முன்னாடி உட்கார்ந்துவிட்டார்கள், அங்கே எனக்கு இடமில்லை. நன்றி. இல்லை, பை மடியிலேயே இருக்கட்டும். கனமில்லை. ஒரு ஃபைலும் மோர் பாட்டிலும்தான்.

குடியாத்தம் வரைக்குமா? நாங்கள் அதற்கு முன்னாடியே இறங்கிவிடுவோம். லத்தேரி தாண்டி வாய்க்கால் ஸ்டாப்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட். வெள்ளைச் சட்டை, முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாரே, அவர் என் மாமனார். ஜன்னலோரம் என் வீட்டுக்காரி ஹேமாவதி. இப்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், கவனித்தீர்களா? கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவள் என்னைப் பார்த்து இப்படி மனசு நிறைந்து சிரித்ததில்லை. இன்றைக்கு மட்டும் இது நாலாவது தடவை.

அந்தச் சிரிப்புக்கு எதிரில் உட்கார முடியாமல்தான் எழுந்து வந்தேன். முன்னாடி இடம் இருந்தது அண்ணா. இடமில்லை என்று சொன்னது பொய். பாருங்கள், உங்களிடம் முதல் வார்த்தையே பொய்யாக வந்துவிட்டது. பழகிவிட்டது.

நீங்கள் யாரோ, நான் யாரோ. இறங்கினால் முடிந்தது. அதனால் சொல்கிறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் மாமனார் பெயர் ஏகாம்பரம். ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சுபேதார் வீடு என்றால் வழி சொல்வார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருந்தவர்தான், ஆனாலும் சுபேதார் என்றால் அவர் ஒருத்தர்தான். அவர் சண்டை போட்ட ஆள் இல்லை. சண்டை போடுகிறவர்களின் துப்பாக்கியை ரிப்பேர் பார்க்கிற பிரிவு. ஆர்மரர் என்பார்கள். இருபத்தெட்டு வருஷம். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவாராம். 'பூட்டுவாராம்' என்று நான் சொல்கிறேன். பார்த்தவர்கள் 'பூட்டுவார்' என்றுதான் சொல்கிறார்கள்.

நான் தயாளன். பஸ் ஸ்டாண்டு எதிரில் மொபைல் சர்வீஸ் கடை. சின்னக் கடைதான். கல்யாணமான சில மாதத்திலேயே என் மாமியார் இறந்துவிட்டார்கள், மாமாவைத் தனியாக விட முடியாது என்று ஹேமா சொன்னாள். ஒரே பெண். அதனால் நாங்கள் அங்கே போனோம். நான்தான் அந்த வீட்டுக்கு ஒத்தாசையாகப் போனேன், அவர்கள் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊரில் அப்படியா பேசுவார்கள்? வீட்டோட மாப்பிள்ளை. டீக்கடையில் ஒருத்தன் கேட்கிறான், "என்ன தயாளா, காலைல எழுந்ததும் சுபேதாருக்கு சல்யூட் அடிக்கணுமாமே?" நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எனக்கு உரக்கப் பேச வராது.

மாமா என்னை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை". அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் அவரே ஏணி போட்டு ஏறுவார். என்னிடம் கேட்க மாட்டார். நான் கடையில் ஊசி முனை அளவு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுகிறவன், என் வீட்டு ஃபேனை எழுபத்திமூன்று வயசுக்காரர் ஏறிப் பார்க்கிறார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அவரிடம் ஒரு பிஸ்டல் இருந்தது. லைசென்ஸோடுதான், பயப்படாதீர்கள். ரிட்டையர் ஆகி வந்தபோது வேலூரில் ஒரு பழைய ஆபீசரிடமிருந்து முறைப்படி வாங்கியது. வெளிநாட்டுச் சரக்கு, நூறு வருஷத்துக்குக் கிட்டே இருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுப்பு தேய்ந்து ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி ஆகியிருக்கும். அது சுட்டு ஊரில் யாரும் கேட்டதில்லை. எதற்கு வைத்திருக்கிறார் என்று ஹேமாவைக் கேட்டேன். "உனக்கு எதுக்கு ரெண்டு போன்?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்து உட்காருவார். மேஜையில் வெள்ளைத் துண்டு விரிப்பார். துண்டின் நாலு ஓரத்தையும் ஒரு விரற்கடை உள்ளே மடிப்பார். எதுவும் உருண்டு கீழே போகக் கூடாது என்பதற்கு. முதலில் உள்ளே குண்டு இல்லை என்று பார்ப்பார், விரலை விட்டும் பார்ப்பார். குண்டு வைப்பது வேறு இடம், அது எனக்கே தெரியாது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றி இடமிருந்து வலமாக அடுக்குவார். பழைய பனியன் துணி, ஒரு சின்ன பிரஷ், தையல் மெஷின் எண்ணெய் மாதிரி ஒரு பாட்டில். துடைத்து, ஒரு சொட்டு விட்டு, அந்தச் சொட்டையும் துடைத்து எடுத்துவிடுவார். திரும்ப வலமிருந்து இடமாகப் பூட்டுவார். மொத்தம் இருபது நிமிஷம். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். ஆட்டுக்கறி வாங்கப் போக வேண்டும் என்று ஹேமா கத்தினாலும் காதில் விழாது.

வேலை முடிந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறுதான். கேஸ் அடுப்பை மூடினால் மூடினதுதான். கதவைப் பூட்டினால் பூட்டினதுதான். இழுத்துப் பார்க்க மாட்டார். தன் கை செய்த வேலையை அவர் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

தேர்தல் அறிவித்தார்கள் இல்லையா, மார்ச்சில். அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புதன்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன். அதனால் அந்த ஞாயிறு மாமா கொஞ்சம் விசேஷமாகத் துடைத்தார். மூன்று மாதம் பிரிந்து இருக்கப் போகிறதே.

ஹேமாதான் அப்பாவிடம் ஆரம்பித்தாள். "நைனா, இவருக்கும் கொஞ்சம் காட்டிக்கொடுங்களேன். இவரும் கையால வேலை செய்யறவர்தானே."

அவர் தலையைத் தூக்காமலே சிரித்தார். "போன் வேற கண்ணு. அது பூராவும் உசுரில்லாத சாமான். இது உள்ள உசுரோட இருக்கும். மாப்பிள்ளைக்கு எதுக்கு அந்த வம்பு?"

அவ்வளவுதான் சொன்னார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது உள்ளே போய்த் தைத்தது. உசுரில்லாத சாமான். நான் சோறு தின்கிற வேலை உசுரில்லாத சாமான்.

மறுநாள் திங்கட்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரன்ட் இல்லை. கரன்ட் இல்லாமல் கடை திறந்து என்ன செய்வது? வீட்டில் இருந்தேன். மாமாவும் ஹேமாவும் அவர் சர்க்கரை மாத்திரை வாங்க வேலூருக்குப் போனார்கள். பீரோ சாவி எப்போதும் அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கும். அன்றைக்குப் பேன்ட் போட்டதால் கழற்றிக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் மறைத்து வைக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னாடிதான் மாட்டினார்.

யூடியூப்பில் அதே மாதிரி பிஸ்டலை ஒரு வெள்ளைக்காரர் பிரிக்கிறார். ஏழு நிமிஷ வீடியோ. இரண்டு தடவை பார்த்தேன். அவர் பேசுகிறது பாதி புரியவில்லை, கை செய்கிறது புரிந்தது. நான் அதைக் கெடுக்கப் போகவில்லை அண்ணா, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். பிரித்து, பூட்டி, இருந்த மாதிரியே வைத்துவிட வேண்டும். யாரிடமும் சொல்லக்கூட வேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும்.

கூடத்துக் கட்டில் போர்வை மேலேயே உட்கார்ந்தேன். துண்டு விரிக்கவில்லை. துண்டு எதற்கு, பார்த்துச் செய்தால் எதற்குக் கீழே விழப் போகிறது என்று நினைத்தேன். குண்டு இல்லை என்று பார்த்தேன், அது மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

அதன் மூக்கில், குண்டு வெளியே வருகிற முனையில், ஒரு சின்ன மூடி இருக்கும். தையல்காரர் விரலில் மாட்டிக்கொள்கிற கவசம் இருக்கிறதே, அந்த அளவு. அதை அழுத்தித் திருப்பினால் கழலும். மாமா அதைக் கழற்றும்போதெல்லாம் முனையை உள்ளங்கையால் பொத்தி, மேலே துணியும் போட்டிருப்பார். எண்ணெய் ஒழுகாமல் இருக்கப் பொத்துகிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

போன் வேலையில் எதுவும் குதிக்காது அண்ணா. எல்லாம் மெதுவாக எடுத்தால் மெதுவாக வரும். கண்ணைக் கிட்டே வைத்துக்கொண்டு வேலை செய்துதான் எனக்குப் பழக்கம். மூடியைத் திருப்பினேன். அவ்வளவுதான். உள்ளே இருந்த ஸ்பிரிங் மூடியையும் தள்ளிக்கொண்டு சீறி என் புருவத்தை உரசிப் போனது. சுவரில் 'டிங்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

உசுரோட இருக்கும் என்றாரே. அப்போதுதான் புரிந்தது.

ஸ்பிரிங் கட்டிலுக்கடியில் கிடைத்தது. மூடி கிடைக்கவில்லை. இரண்டரை மணி நேரம் தேடினேன். கட்டிலை நகர்த்தினேன், அரிசி டிரம்மை நகர்த்தினேன், ஜன்னலுக்கு வெளியே சாக்கடைக்குள் கையை விட்டேன். வேர்வை கண்ணில் ஊற்றுகிறது, ஃபேனும் இல்லை. பன்னிரண்டரைக்கு ஹேமா போன் செய்து, பஸ் ஏறிவிட்டோம், சோறு மட்டும் வை என்றாள். என்ன செய்வேன்? மற்றதையெல்லாம் பூட்டி, ஸ்பிரிங்கைச் சும்மா உள்ளே சொருகி, வெளியே துருத்தாமல் பனியன் துணியில் இறுக்கச் சுற்றி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். சாவியை ஆணியில் மாட்டினேன். சோறு வைத்தேன்.

சொல்ல நினைத்தேன் அண்ணா. திங்கள் ராத்திரி நினைத்தேன், செவ்வாய்க்கிழமை நினைத்தேன். எப்படியும் மூடி கிடைத்துவிடும், கிடைத்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அவரே துணிச்சுருளை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிரித்துப் பார்க்கவில்லை. அதுதான் சொன்னேனே, தான் செய்த வேலையை அவர் திரும்பப் பார்க்க மாட்டார். "கூட வரீங்களா மாப்பிள்ளை?" என்றார். முதல்முறையாகக் கூப்பிட்டார். நான் போனேன்.

ஸ்டேஷனில் ஏழெட்டுப் பேர். பெரும்பாலும் காட்டுப் பன்றிக்கு வைத்திருக்கிற நீளத் துப்பாக்கிக்காரர்கள். மாமாவைப் பார்த்ததும் ரைட்டர் எழுந்து நாற்காலி போட்டார். "சுபேதார் சார் துப்பாக்கிதான்யா இந்த ஸ்டேஷனுக்கு வர்றதுலயே சுத்தமானது. நீங்கள்லாம் துருவைக் கொண்டாந்து கொட்டுறீங்க" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்கிறார். மாமா சிரித்துக்கொண்டே துணியைப் பிரித்தார்.

ஸ்பிரிங் வெளியே துள்ளி மேஜையில் விழுந்து, லெட்ஜர் மேல் ஒரு குதி குதித்து, கீழே உருண்டு போனது.

எல்லாரும் குனிந்து அது போன வழியைப் பார்த்தார்கள். அப்புறம் பன்றித் துப்பாக்கிக்காரர் ஒருத்தர் சொன்னார், "என்ன சார், பால்பாயின்ட் பேனாவா கொண்டாந்தீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். ரைட்டரும்தான், வாயைப் பொத்திக்கொண்டு.

மாமா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பிஸ்டலை எடுத்து முனையைப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். "மூடி போட்டேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை பூட்டினேன். மூடி போட்டேன்."

"வயசாகுதில்ல சார், விடுங்க" என்றார் ரைட்டர். நல்ல மனுஷர்தான், ஆறுதலாகத்தான் சொன்னார்.

மாமா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையை. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க மாப்பிள்ளை. போட்டேனா?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அண்ணா அது. சாப்பிட்டீங்களா, கூட வரீங்களா தவிர்த்து.

"கவனிக்கல மாமா" என்றேன்.

போலீஸ் ஸ்டேஷன். லைசென்ஸ் அவர் பெயரில். நான் தொட்டதே சட்டப்படி தப்பு. அந்த இடத்தில் வைத்து எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். என்னை விடுங்கள், அவருக்கே பிரச்சினை வரும், பத்திரமாக வைக்கவில்லை என்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் போலீஸ் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

காட்பாடி பாலமா இது? வந்துவிட்டோம். இல்லை, நேரம் இருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் அவர் தன் டப்பாவைத் துண்டின் மேல் கவிழ்த்துத் தேடினார். பிரஷ்ஷை உதறிப் பார்த்தார். துண்டை உதறிப் பார்த்தார். ஹேமாவும் தேடினாள். நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன் அண்ணா. கட்டிலை நகர்த்தலாமா என்று நானே கேட்டு, நகர்த்தி, குனிந்து பார்த்தேன்.

சாப்பிடும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார். ராஜஸ்தானில் இருந்தபோது ஒரு சிப்பாயின் துப்பாக்கியில் ஒரு ஊசி குறைந்திருக்கிறது. சோதனையில் இவர்தான் கண்டுபிடித்து எழுதினார். அந்தச் சிப்பாய்க்கு ஏழு நாள் தண்டனை. "போட்டேன் சாப், போட்டேன் சாப்னு அழுதான் அவன். பொய் சொல்றான்னு எழுதினேன். இப்பத்தான் தெரியுது, அவனுக்கு நெஜமாவே போட்ட மாதிரிதான் இருந்திருக்கும்." சொல்லிவிட்டுச் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கேஸை மூடிவிட்டு வந்து உட்காருவார், திரும்ப எழுந்து போய்ப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஹேமா, இது காலையிலதா, இப்பத்ததா?" டி.வி.எஸ். ஃபிப்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். "நீங்க ஓட்டுங்க மாப்பிள்ளை. எனக்கு பிரேக்கு ஞாபகம் வரலன்னா யாராவது குழந்தை மேல ஏத்திடுவேன்."

பீரோ சாவியையும் கொடுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் எதற்கும் என்னைத்தான் கேட்கிறார். "மாப்பிள்ளை, நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க." "மாப்பிள்ளை சொன்னா சரி." ஃபேன் ஓடவில்லை என்றால் ஏணியை அவர் பிடித்துக்கொள்கிறார், நான் ஏறுகிறேன். டீக்கடைக்காரன்கூட, "இப்ப சுபேதார் வீட்டுல நீதான் சுபேதாராமே" என்கிறான். எனக்கு வருத்தம்தான் அண்ணா. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் வாரம் எனக்கு அது பிடித்திருந்தது. சாவியை லுங்கியில் முடிந்துகொண்டு நடந்தேன்.

ஹேமா பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று கடகடவென்று இரண்டு வரைக்கும் இறங்கிவிட்டார். டாக்டரே சிரித்துவிட்டார். "ஐயா, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நான் சொன்னா நடுவுல தப்பு பண்ணுவேன்." வெளியே வந்ததும் மாமா சொன்னார், "நல்ல டாக்டர். வயசானவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றார்."

மூன்று வாரம் கழித்து மாமியார் திதி வந்தது. கூடத்தில் அவர்கள் படம் சாய்வாக மாட்டியிருக்கும். எல்லா வீட்டிலும்போலத்தான், மேலே முன்பக்கம் சாய்ந்து, கீழே சுவரோடு ஒட்டி. துடைப்பதற்காக நான்தான் இறக்கினேன். படத்துக்குப் பின்னாலிருந்து என் பாதத்தில் ஏதோ விழுந்தது. குளிர்ச்சியாக.

அத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. அத்தை முதுகுக்குப் பின்னால்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஹேமா உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் காக்காய்க்கு வைத்துக்கொண்டிருந்தார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திதி நாளில் சொல்லி எல்லார் மனசையும் கெடுப்பானேன் என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று நினைத்தேன் அண்ணா. அதை மேஜைக் காலுக்குப் பின்னால், சுவரோரமாகப் போட்டுவைத்தேன். அவர் கண்ணில் பட்டுக் கிடைத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை பெருக்கும்போது ஹேமா கத்தினாள், "நைனா! நைனா! இதுவா பாருங்க!"

அவர் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

"மேஜைக்குக் கீழயா கிடந்துச்சு?"

"ஆமா நைனா. கால் பின்னாடி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நான்தான் கீழ போட்டிருக்கேன். துண்டோரம் மடிக்கல. கீழ உழுந்தது தெரியல. தேடினப்பவும் கண்ணுல படல. ஆனா மூடி போட்டேன்னு ஸ்டேஷன்ல சத்தியம் பண்ற மாதிரி சொன்னேன்." அப்புறம் ஹேமாவைப் பார்த்து, "இது வரைக்கும் ஒரு ஓரத்துல சந்தேகம் இருந்துச்சு கண்ணு. நானா இருக்காதுன்னு. இனிமே இல்ல."

நான் போட்டு வைத்தது அவருக்குச் சாட்சியாகிவிட்டது அண்ணா. அவருக்கு எதிராக.

ரிசல்ட் வந்து, துப்பாக்கி வாங்க ஸ்டேஷனுக்குப் போனோம். அதே ரைட்டர். மாமா மூடியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். துண்டைக்கூட விரித்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஓரத்தை மடித்தார். ஸ்பிரிங், மூடி, ஒரு அழுத்து, ஒரு திருப்பு. கண் சிமிட்டுகிற நேரம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பூட்டியதும் அதை என் பக்கம் நீட்டி, "சரியா இருக்கா பாருங்க மாப்பிள்ளை" என்றார்.

என்னிடம். மூடியைத் திருப்பத் தெரியாமல் சுவரில் அடித்தவனிடம்.

"சரியா இருக்கு மாமா" என்றேன்.

அதை வாங்கித் திரும்ப ரைட்டர் மேஜையில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் சார். மறதிக்காரன் கையில ஆயுதம் இருக்கக் கூடாது. நான் சர்வீஸ்ல எத்தனை பேருக்கு இதை எழுதியிருக்கேன்." ரைட்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அப்படியானால் லைசென்ஸைக் கலெக்டர் ஆபீஸில் எழுதிக்கொடுத்து ஒப்படைக்க வேண்டும் என்றார். அதற்குத்தான் இன்றைக்கு வேலூர் வந்தோம்.

லத்தேரி. இறங்குகிறவர்கள் இறங்கட்டும். காலை மடக்கிக்கொள்ளுங்கள் அண்ணா, கூடைக்காரம்மா வருகிறார்கள்.

காலையில் கலெக்டர் ஆபீஸில் கிளார்க் கடிதத்தைப் படித்தார். 'ஞாபகக் குறைவு காரணமாக' என்று மாமாவே தன் கையெழுத்தில் எழுதியிருந்தார். மணி மணியான எழுத்து. கீழே கையெழுத்துப் போடக் கிளார்க் பேனாவை நீட்டினார். மாமா பேனாவை வாங்கிக்கொண்டு கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்காகத்தான் நின்றது என்று தோன்றியது. என்னை அறியாமல் வாய் வந்துவிட்டது.

"மாமா. நீங்க மூடி போட்டீங்க. ஞாயித்துக்கிழமை. நான் பார்த்தேன்."

சத்தியமாகச் சொன்னேன் அண்ணா. என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் சொன்னேன். அடுத்த வரி தயாராக இருந்தது. திங்கட்கிழமை நான்தான் என்று ஆரம்பிக்கிற வரி.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம். அப்புறம் இடது கையால் என் தோளைத் தட்டினார்.

"பார்த்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்களே மாப்பிள்ளை. நான் தலைகுனிஞ்சு நின்னத பார்த்துக்கிட்டுச் சும்மாவா இருந்திருப்பீங்க?" என்று சிரித்தார். "எனக்காகப் பொய் சொல்றீங்க. வேணாம்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிளார்க் சீல் அடித்துக்கொண்டே, "மருமகன் இல்ல சார் உங்களுக்கு, மகன்" என்றார். ஹேமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் முதல் தடவை அப்படிச் சிரித்தாள். அடுத்தது பஸ் ஸ்டாண்டில், மூன்றாவது பஸ் ஏறும்போது. நாலாவதை நீங்களே பார்த்தீர்கள்.

என் முதல் நிஜத்தை அவர் பொய் என்கிறார். என்னை நல்லவன் என்று நம்புவதால்தான் அதைப் பொய் என்கிறார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் அண்ணா. உங்கள் முகம் சொல்கிறது. ஒரு வரிதானே என்கிறீர்கள். ஒரு வரிதான். வாய்க்கால் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. வாய்க்கால் கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஹேமா எப்போதும் முன்னாடி வேகமாகப் போய்விடுவாள், அவரும் நானும் பின்னால் போவோம்.

ஸ்டாப் வருகிறது. எழுந்துவிட்டார் பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே குனிந்து பார்க்கிறார். என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

கேட்டதா உங்களுக்கு? இந்த இரைச்சலில் கேட்டிருக்காது. "இதுதானே மாப்பிள்ளை நம்ம ஸ்டாப்பு?" என்று என்னைக் கேட்கிறார். பட்டாளத்தில் சேரப் போனபோது அவர் பஸ் ஏறினது இந்த ஸ்டாப்பில்தான். திரும்பி வந்து இறங்கினதும் இங்கேதான். ஐம்பது வருஷம். நேற்று வந்தவனை, என்னைக் கேட்கிறார்.

வழி விடுங்கள் அண்ணா. வருகிறேன்.

மாமா! என்னைக் கேக்காதீங்க மாமா. உங்களுக்கே தெரியும். நீங்க இறங்குங்க, நான் உங்க பின்னாடி வரேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.